பதக்கம் ‘ஆதல்’: விளையாட்டுச் சொல்லொன்றின் மொழிபெயர்ப்பு

‘மெடல்’ என்பதற்குப் ‘பதக்கம்’ என எழுதியவுடன் பணி முடிந்ததென நம் மொழிபெயர்ப்பாளர் அமைதி கொள்கின்றனர். அவ்வமைதி பொருந்தாது.

உயிரினங்களைப் பிடித்து வளர்க்கும் ‘போக்கிமான் கோ’ (2016) விளையாட்டில் நடைக்கெனத் தனிப் பதக்கம் உண்டு. 10 கிலோமீட்டருக்கு வெண்கலம், 100க்கு வெள்ளி, 1,000க்குப் பொன், 10,000க்குப் பிளாட்டினம். ஒலிம்பிக்கில் வெண்கலமும் பொன்னும் வெவ்வேறு பதக்கங்கள். இங்கோ ஒரே பதக்கம் ஒருவரிடமே இருந்து உருமாறுகிறது. எனவே ‘வெள்ளிப் பதக்கம் வென்றார்’ என்று பெயர்த்தால், இல்லாத எதிராளி ஒருவர் உள்ளே நுழைந்துவிடுவார். ‘பதக்கம் வெள்ளியாயிற்று’ என்பதே மூலப் பொருள். ‘தரம் உயர்த்தப்பட்டது’ எனலும் பொருந்தாது. அது பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வழங்கும் அரசாணைத் தொடர், உயர்த்துவோர் வேறொருவர். நடந்து பெற்ற உயர்வுக்குத் தன்வினையே தகும்.

2023இல் இவ்விளையாட்டு இந்தியில் வந்தபோது 800க்கும் மேற்பட்ட உயிரினங்கள் புதுப்பெயர் பெற்றன. பெயர்களைப் பற்றியே அனைவரும் பேசினர். வினைகளைப் பற்றிப் பேசினாரில்லை.

சித்தூர் மாவட்டத்துப் புத்தலப்பட்டு போன்ற, தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் இடங்களுக்குப் பெயர்ப்போர் மற்றொன்றையும் கருத வேண்டும். தெலுங்கில் மெடலும் ‘பதகம்’. மூச்சொலித் தகரம் பெற்றால் அது அரசுத் திட்டம். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். ‘பதக்கம்’ என்பதன் இரட்டைக் ககரம் அம்மயக்கத்தைத் தடுக்கிறது. ஆகலின் அங்குத் தெலுங்கு வடிவை ஒலிபெயர்த்துக் கொள்ளுதல் கூடாது.