படவேடு எந்தக் கணக்கில் வரும்?

படவேட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ரேணுகாம்பாளைப் பார்க்க வருகிறவர்கள். ஆடி வெள்ளின்னா கேட்கவே வேண்டாம். சம்புவராயர்களின் தலைநகரம் இது. விஜயநகரக் காலத்தில் படைவீட்டு ராஜ்யம் என்று ஒரு நிர்வாகப் பிரிவே இதன் பெயரில் இருந்தது. 1989-இல் வடஆற்காட்டைப் பிரித்தபோது புது மாவட்டத்துக்கு ‘திருவண்ணாமலை சம்புவராயர்’ என்று பெயர் வைத்தார்கள். 1997-இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள், மன்னர்கள் பெயர்களை எடுத்தபோது அதுவும் போயிற்று. இன்று படவேடு ஒரு கிராம ஊராட்சி.

‘தமிழ்நாட்டில் பாதிப் பேர் நகரவாசிகள்’ என்று எல்லோரும் எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கேன். 2011 கணக்குப்படி மாநிலத்தில் 48.4 சதவீதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் சுமார் 20. உடனே ‘பின்தங்கிய மாவட்டம்’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். எனக்கு இதில்தான் சிக்கல்.

அந்தச் சதவீதத்துக்குள் இரண்டு வகை ஊர்கள் இருக்கின்றன. ஒன்று, அரசு ஆணையால் நகரமானவை: மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி. இன்னொன்று, சட்டப்படி கிராமமாக இருந்தாலும் கணக்கெடுப்பில் நகரமாகச் சேர்க்கப்படுபவை. இவற்றுக்கு மூன்று சோதனை: 5,000 பேராவது இருக்கணும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் இருக்கணும், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்கணும். 2001-இல் தமிழ்நாட்டில் இப்படிச் சேர்ந்த ஊர்கள் 111, 2011-இல் 376. முதல் வகை அப்படியே 721. ஆக, 44-லிருந்து 48.4-க்கு ஏறியதில் ஒரு பகுதி, இருந்த இடத்திலேயே இருந்த ஜனங்களை வேறு பட்டியலில் எழுதியதால் வந்தது.

ஆணையால் ஆகும் நகரம் ஆணையாலேயே கிராமமாகவும் ஆகும். 2004-இல் 561 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மாற்றினார்கள். கிராமங்களுக்கான நிதி கிடைக்கும் என்பது காரணம். 2006-இல் திரும்பவும் பேரூராட்சி! நடுவில் தெருவோ சாக்கடையோ மாறிடலை.

மூன்றாவது சோதனையை ஆரணிப் பக்கம் வைத்துப் பாருங்க. ஆரணிப் பட்டு நகராட்சி எல்லைக்குள் மட்டும் நெய்யப்படுவதில்லை; தேவிகாபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் தறி ஓடுது. வீட்டில் தார் சுற்றுகிற, தறியில் உட்கார்கிற பெண்ணின் உழைப்பு இந்தச் சோதனைக்குள் வரவே வராது. ஆண்களை மட்டும்தான் எண்ணுகிறார்கள்.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. நூறு நாள் வேலை கிராமத்துக்குத்தான். ஊராட்சியை நகராட்சியோடு சேர்த்தால் அது போகும், வீட்டு வரி ஏறும். இணைப்பை எதிர்த்து ஜனங்க ரோட்டுக்கு வருவதை ‘வளர்ச்சி வேண்டாங்கறாங்க’ என்று எழுதுவது அநியாயம்.

2027 கணக்கெடுப்பு முடிந்ததும் தமிழ்நாடு 50-ஐத் தாண்டியதா என்று தலைப்புச் செய்தி வரும். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: கூடியதில் எத்தனை பேர் ஊர் மாறிப் போனவர்கள், எத்தனை பேர் ஊரின் பெயர்ப்பலகை மட்டும் மாறியவர்கள்? அதைப் பிரித்துச் சொல்லாத சதவீதத்தை வைத்து இந்த மாவட்டம் முன்னேறியது, அது பின்தங்கியது என்று நான் இனி எழுதப்போவதில்லை.