ஹீரன் தெருவில் நம் வீட்டுக் கதை

மஸ்ஜித் தானாவிலிருந்து சுங்கை ஊடாங் வழியாக மலாக்கா டவுனுக்குப் போகிறவர்கள் ஜோங்கர் தெருவோடு திரும்பிவிடாதீர்கள். அடுத்த தெருவுக்கு நடங்கள். பழைய ஹீரன் தெரு, இன்றைக்குத் துன் டான் செங் லோக் சாலை. அங்கே 48, 50 எண்களில் பாபா நியோன்யா பாரம்பரிய அருங்காட்சியகம் இருக்கிறது. அடேயப்பா, என்ன வீடு!

1861-இல் சான் என்ற பாபா சீனக் குடும்பம் வாங்கிய வீடு இது. நான்கு தலைமுறை வாழ்ந்த பிறகு, 1980களில் குடும்பத்தாரே எல்லாரும் பார்க்கத் திறந்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய மனசு! வாசலில் நின்றால் குறுகலாகத்தான் தெரியும். உள்ளே போகப் போக நீண்டுகொண்டே இருக்கும். டச்சுக்காரர் காலத்தில் முகப்பு அகலத்துக்கு வரி போட்டதால்தான் இந்தத் தெரு வீடுகள் இப்படி நீண்டன என்பார்கள். நடுவே செட்டிநாட்டு வீட்டு வளவு மாதிரி வானம் பார்த்த முற்றம். வெயில் கொளுத்தும் மத்தியானத்திலும் அங்கே காற்று வரும்.

முன்கூடத்து நாற்காலிகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். கருமரத்தில் சிப்பி பதித்த வேலைப்பாடு, வெளிச்சம் பட்டதும் மினுமினுக்கும். மாடிப்படியில் தங்க ரேக்கு ஒட்டிய செதுக்கல். ஏறி முடித்தால் படிவாயை மூடும் கனத்த மரப்பலகை. ராத்திரியில் மேலிருந்து பூட்டிவிட்டால் திருடன் ஏற வழியே இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது மாடித் தரையில் உள்ள சின்னத் துளை. மூடியைத் தூக்கிக் குனிந்தால், வாசலுக்கு வந்திருப்பவர் யாரென்று மேலேயிருந்தே தெரிந்துவிடும்!

இந்த வீட்டின் சான் செங் சியூ ரப்பர் தோட்ட முதலாளி. ரப்பரை வணிகப் பயிராக இந்த நாட்டில் முதலில் நட்டவரும் ஒரு மலாக்கா பாபாதான்: டான் சாய் யான், 1896-இல், புக்கிட் லிந்தாங்கில். அந்த ரப்பர் காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் வாளி சுமந்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார். அந்தக் காலத்துச் செல்வம் எப்படி இருந்தது என்பதை இந்தக் கூடத்தில் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கு இது சீனர் வீட்டுக் கதை மட்டும் இல்லை. நம் உழைப்பின் இன்னொரு பக்கம்.

பார்த்து முடித்ததும் அப்படியே துக்காங் எமாஸ் சாலைக்கு நடந்தால், மலாக்கா செட்டிமார் 1781-இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில். டச்சுக்காரர் கொடுத்த நிலம், செட்டிமார் தலைவர் தைவநாயகம் செட்டி கையில் வந்தது. பாபா வணிகரும் நம் வணிகரும் ஒரே டவுனில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த ஊர் இது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். தாத்தா பாட்டி இன்னும் இருந்தால், கட்டாயம் அவர்களையும் கூட்டிப் போங்கள். அந்த வீட்டில் அவர்கள் சொல்லும் தோட்டக் கதைக்கு ஈடான விளக்கம் வேறு கிடையாது.