சல்லடைக்கு வைத்த பட்டப்பெயர்கள்

இலங்கையின் கந்தப்பளைப் பக்கத்தில் எந்தத் தேயிலை ஸ்டோருக்குள், அதாவது தொழிற்சாலைக்குள், போனாலும், அரைத்து உலர்த்திய தூள் கடைசியில் சல்லடைக்குத்தான் வந்து சேரும். எந்தக் கண்ணில் இறங்கியது, எதில் தங்கியது என்பதைப் பொறுத்து அது பெக்கோ, பி.ஓ.பி. (புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ), பி.ஓ.பி.எஃப். (அதன் ஃபேனிங்ஸ்), டஸ்ட் என்று வெவ்வேறு மூட்டைக்குப் போகிறது. எல்லாமே ஒரே மலையில் ஒரே நாளில் பறித்த கொழுந்தாக இருக்கலாம். 'தரம்' என்று நாம் சொல்வது இங்கே பெரும்பாலும் இலையின் அளவையும் உருவத்தையும்தான். பெயர்களோ பதவிப் பட்டங்களைப் போல ஒலிக்கின்றன.

இந்த முறையைக் கேலி செய்வது சுலபம். ஆனால் 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலம் இத்தனை காலம் இதை வைத்துக்கொண்டு தடுமாறாமல் நடந்திருக்கிறது. தோட்டத்தின் விற்பனைப் பெயர், இன்வாய்ஸ் எண், தரக் குறி ஆகிய மூன்றும் இருந்தால் பட்டியலில் எந்த மூட்டையையும் தேடிப் பிடித்துவிடலாம். அளவு வெற்றுத் தகவலுமல்ல. பொடித் துகள் சட்டென்று சாயம் இறக்கும், முழு இலை நேரம் கேட்கும், இரண்டையும் கலந்தால் தேநீர் சீராக இறங்காது. அதோடு, வாங்குபவர் குறியைப் பார்த்து மட்டும் விலை சொல்வதில்லை, மாதிரியை வடித்து வாயில் வைத்துப் பார்க்கிறார். 2020 ஏப்ரலில் ஏலம் இணையத்துக்கு மாறிய பிறகும் அந்தச் சுவைப்பு நிற்கவில்லை. குறி தேட உதவுகிறது, மதிப்பிடுவது நாக்கு. தொழிலுக்குள் இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடுகிறது.

எனக்கு உறுத்துவது அந்த '1' என்ற எண். ஓ.பி.1 என்றால் ஓ.பி.யை (ஆரஞ்சு பெக்கோவை) விட நீண்டு மெலிந்த இலை. பெக்கோ 1 என்றாலோ பெக்கோவை விடச் சிறியது. பி.ஓ.பி.1, பி.ஓ.பி.யின் முதல் வகுப்பு என்று நினைத்தால் ஏமாந்தோம்: அது பெரும்பாலும் தாழ்நிலத் தோட்டங்களிலிருந்து வரும், நன்றாக முறுக்கேறிய, நீண்ட இலை. ஒரே எண் ஓரிடத்தில் பெரிதையும் இன்னோரிடத்தில் சிறிதையும் குறிக்கும்போது, புதிதாக வேலைக்கு வருகிறவர் விதியைப் பிடித்துக்கொள்ள வழியில்லை. ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

இது தேயிலைக்காரர்களின் தனிக் கோளாறு அல்ல. தரவுத்தள மென்பொருள்களிலும் இதே கதைதான். மைக்ரோசாஃப்ட் எஸ்.கியூ.எல். சர்வரில் இண்டெக்ஸ் (தேடல் அட்டவணை) பக்கங்களை எவ்வளவு நிரப்புவது என்று சொல்லும் 'ஃபில் ஃபேக்டர்' விருப்பத்தில் 0 கொடுத்தாலும் 100 கொடுத்தாலும் விளைவு ஒன்றே. தேடலின்போது ஓர் இண்டெக்ஸைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லும் வசதி மைஎஸ்கியூஎல்லில் 'இன்விசிபிள்', மரியாடிபியில் 'இக்னோர்ட்', மாங்கோடிபியில் 'ஹிடன்'. ஆனால் அங்கே குழம்பியவர் கையேட்டைப் புரட்டலாம். தேநீர் குடிப்பவருக்கு யார் கையேடு கொடுத்தார்கள்?

தொழிலை விட்டு வெளியே வந்ததும் இந்தச் சொற்கள் நிஜமாகவே தீங்கு செய்கின்றன. வட அமெரிக்கக் கடைகளில் 'ஆரஞ்சு பெக்கோ' என்பது சாதாரணக் கறுப்புத் தேயிலைக்கே பெயராகிவிட்டது. அதில் தோடம்பழ வாசம் தேடுகிறவர்களும் உண்டு. மறுபுறம் 'டஸ்ட்' என்றதும் கூட்டிப் பெருக்கிய குப்பை என்று முகம் சுளிப்பார்கள். டஸ்ட் 1 மணிமணியான, திடமான தேயிலை, பாலூற்றிக் குடிக்க அதைத் தேடி வாங்குபவர்கள் ஏராளம். கழிவுத் தேயிலை என்பது வேறு. அதைக் கட்டுப்படுத்த இலங்கையில் 1957ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமே இருக்கிறது. பெயர் சரியில்லாததால் நல்ல சரக்குக்குக் கெட்ட பெயர்.

மாற்று இல்லாமலும் இல்லை. துகள் அளவை வைத்து வகைப்படுத்தும் சர்வதேச நியமம், ஐ.எஸ்.ஓ. 11286, 2004இலேயே வந்துவிட்டது. ஏலப் பட்டியலில் பழைய குறிகள் அப்படியே இருக்கட்டும். அவற்றைப் பிடுங்கினால் நல்லபடி ஓடும் தொழில்தான் குழம்பும். சில்லறைப் பொதியில் மட்டும் இலையின் அளவும் எத்தனை நிமிடம் ஊறவைக்க வேண்டும் என்பதும் இருந்தால் போதும். கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் ஸ்டோர் 1996இல் ஹோட்டலாகியது. அங்கே வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர் ஊருக்கு வாங்கிப் போகும் பொதிக்கு அந்த இரண்டு வரிகள் அவசியம். ஆனால் 'ஃப்ளவரி', 'ஆரஞ்சு' போன்ற தரச் சொற்களுக்கென்றே கூடுதல் காசு கிடைக்கும்வரை, பொதி செய்கிறவர் எவரும் தானாக முன்வந்து அவற்றுக்குப் பதில் மில்லிமீட்டர் கணக்கை அச்சடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.