கடைசி ஐந்து நிமிடம்: வங்கி ஏலத்தில் வீடு கேட்பவர்களின் கணக்கு

நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் நெருக்கியடித்து வரும் வங்கி ஏல அறிவிப்புகளை முன்பெல்லாம் தரகர்களும் வியாபாரிகளும்தான் படிப்பார்கள். இப்போது ஓய்வுபெற்ற ஆசிரியரும் படிக்கிறார், வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவர் மகனும் படிக்கிறார். ஏலம் இணையத்துக்கு வந்துவிட்டதுதான் காரணம். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலைப் பக்கம் ஒரு ஃபிளாட், தில்லைநகரில் ஒரு கடை, கே.கே.நகரில் ஒரு தனிவீடு என்று எதுவானாலும், கடன் தவணை நின்றுபோனால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி அதை ஏலம் விடலாம். கேட்பவர் வீட்டில் உட்கார்ந்தபடியே கேட்கலாம். கூடவே, ஏலத்தில் ஜெயிக்கும் உத்திகளைச் சொல்லித் தருகிறவர்களும் பெருகிவிட்டார்கள். அந்த உத்திகளில் பாதி, வேறு வகை ஏலத்துக்கு உரியவை.

கடைசி நொடி வரை பேசாமல் இருந்து சட்டென்று விலை கேட்பது அவற்றில் ஒன்று. ஈபே தளத்தில் இது பலித்தது. அங்கே குறித்த நொடியில் ஏலம் முடிந்துவிடும், பதில் கேட்க எதிராளிக்கு நேரம் இருக்காது. அமேசான் அந்தக் காலத்தில் நடத்திய ஏலங்களிலோ, கடைசி பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். இரண்டையும் ஒப்பிட்டு ஆல்வின் ரோத்தும் ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸும் 2002-இல் எழுதிய ஆய்வு, கடைசி நேரக் கேள்விகள் ஈபேயில்தான் மிக அதிகம் என்று காட்டியது. நம் வங்கி ஏலங்கள் பெரும்பாலும் அமேசான் வழியில் போகின்றன. முடிய நாற்பது நொடி இருக்கையில் ஒருவர் ஐம்பதாயிரம் ஏற்றினால், கடிகாரம் மறுபடி ஐந்து நிமிடத்துக்குத் திரும்பும். காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று இழுப்பது எதற்கோ, இந்த நீட்டிப்பும் அதற்குத்தான். இங்கே ஒளிந்திருந்து பாய்வதால் லாபம் எதுவுமில்லை.

எடுத்த எடுப்பில் பெரிய தொகை கேட்டு மற்றவர்களை மிரட்டுவது இன்னொன்று. சில சமயம் பலிக்கும். ஆனால் இரண்டே பேர் கேட்கும் ஏலத்தில் அது வங்கிக்குத் தருகிற நன்கொடை. குறைந்தபட்ச விலைக்கு மேல் ஒரு படி கேட்டாலே சொத்து கிடைக்கக்கூடிய இடத்தில், ஐந்து லட்சம் தாவிக் கேட்டவருக்கு அந்த ஐந்து லட்சம் போனது போனதுதான்.

இணைய ஏலத்தின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நேரடி ஏலத்தில் நாலு பேர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு புதியவரை ஒதுக்கிவிட முடியும். திரையில் பெயர் தெரியாது, எதிரில் கேட்பவர் யாரென்றும் தெரியாது. முகம் தெரியாத ஒருவரை மிரட்டுவது கடினம். உள்ளூர்ச் செல்வாக்கு இல்லாத நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய வரம். இந்த ஒன்றுக்காகவே இந்த முறையைப் பாராட்ட வேண்டும்.

காத்திருப்பதும் நல்ல உத்திதான். முதல் ஏலத்துக்கு முப்பது நாள் அறிவிப்பு வேண்டும். ஆள் வராமல் போனால், மறு ஏலத்துக்குப் பதினைந்து நாள் போதும். மறு ஏலத்தில் விலையைக் குறைப்பது வங்கிகளின் வழக்கம். ஆனால் ஒரு வீடு மூன்றாவது முறையாக ஏலத்துக்கு வருகிறதென்றால், முதல் இரண்டு முறை அதைப் பார்த்தவர்கள் ஏன் விலகினார்கள் என்று விசாரிக்காமல் ‘மலிவு’ என்று மகிழக்கூடாது.

ஏலத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் சொத்தை அதிகமாக மதிப்பிட்டவர்தான். மெக்சிகோ வளைகுடா எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்து மூன்று பொறியாளர்கள் 1971-இலேயே இதைச் சொன்னார்கள். இங்கே அந்தத் தவறுக்கு விலை கடுமை. ஜெயித்தவர் முன்வைப்புத் தொகையையும் சேர்த்து 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதியைப் பதினைந்து நாளில் கட்ட வேண்டும். வங்கி எழுத்தில் சம்மதித்தால் அதிகபட்சம் மூன்று மாதம். தவறினால்? சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா நடத்திய ஒரு ஏலத்தில் 12.27 கோடிக்குக் கேட்டு ஜெயித்தவர், மீதியைக் கட்ட முடியாமல் 3.06 கோடியை இழந்தார். மறு ஏலத்தில் அந்தச் சொத்து கூடுதல் விலைக்கே போனது. சென்னை உயர்நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றது. ஆனாலும் 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், வங்கி முழுத் தொகையையும் வைத்துக்கொண்டது சரி என்றது. வீட்டுக்கடன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கேட்கப் போகிறவர்கள் இந்தத் தீர்ப்பை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய கேள்வி, எதை ஏலம் கேட்கிறோம் என்பது. அறிவிப்பில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் எல்லாம் அடங்கிவிடும். மின்கட்டண பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஏலத்தில் எடுத்தவரிடமிருந்தும் பழைய உரிமையாளரின் பாக்கியை விதிகளுக்கு உட்பட்டு மின்வாரியம் கேட்க முடியும் என்று உச்சநீதிமன்றத்தின் 2023 மே மாதத் தீர்ப்பு சொல்கிறது. சுவாதீனம் அடுத்தது. வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியதோடு நிற்கிறதா, பூட்டி சாவியைக் கையில் வைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்து, வாங்கியவர் குடியேற மாதங்களோ வருடங்களோ ஆகும். பத்திரம் பதியாமல் குடியிருக்கும் வாடகைக்காரர் வில்லங்கச் சான்றில் தெரியமாட்டார். நேரில் போய் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் பேசி, அடுக்குமாடி என்றால் சங்கத்தில் பராமரிப்பு பாக்கி எவ்வளவு என்று கேட்டவருக்குத்தான் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கோயிலைச் சுற்றிய பகுதியில் பல வீடுகள் நிற்கும் மண் கோயிலுக்குரியது என்று ஒரு தரப்பும், தலைமுறைகளாக எங்களுடையது என்று குடியிருப்பவர்களும் சொல்லும் அடிமனைப் பிரச்சினை இன்றுவரை ஊரை வாட்டுகிறது. அதனால் பத்திரப்பதிவு தடைபட்ட கதைகளை உள்ளூரில் யாரும் சொல்வார்கள். வெளியூரிலிருந்து திரையைப் பார்த்து மட்டும் கேட்பவருக்கு அது எப்படித் தெரியும்?

சட்டம் வாங்குபவரை ஓரிடத்தில் நன்றாகவே காக்கிறது. ஏல அறிவிப்பு வெளியான பிறகு கடனைக் கட்டி சொத்தை மீட்கும் உரிமை கடன்தாரருக்கு இல்லை என்று 2023 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. கைவிடுவது தகவல் விஷயத்தில். தனக்குத் தெரிந்த வில்லங்கத்தை வங்கி அறிவிப்பில் சொல்ல வேண்டும் என்பது விதி. பல அறிவிப்புகளில் அந்த இடத்தில் ‘தெரிந்தவரை ஏதுமில்லை’ என்றுதான் இருக்கிறது. இது நியாயமில்லை. கடன் கொடுக்கும்போதே வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்கி, மதிப்பீட்டாளரை அனுப்பி, மூலப்பத்திரம் வரை பார்த்த வங்கி அது. அந்தக் கோப்பை ஏலத் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றினால், மறு ஏலங்களில் பல தேவைப்படாது. வீட்டை இழப்பவருக்கும் கூடுதல் விலையால் கடன் சுமை குறையும். அதுவரை, அறிவிப்பில் பெயர் போட்டிருக்கும் அதிகாரியிடம் லீகல் ஒப்பீனியன் நகலையும் சுவாதீன நிலையையும் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு முன்வைப்புத் தொகையைக் கட்டலாம்.