சாந்து காயுமுன்

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒரே வினாவைத்தான் நாம் எதிர்கொள்கிறோம்: "சேர், எரிந்தது எந்தப் பக்கம்?" சுட்டிக் காட்டுவதற்கு அந்த வெண்ணிற முகப்பில் எதுவுமில்லை.

சென்னைக் கட்டடக் கலைஞர் கே. எஸ். நரசிம்மன் வரைந்த அமைப்பில் எழுந்து, 1959 இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. 1981 ஜூன் தொடக்கத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அங்கே சாம்பலாயின. பின்னர் போர்நிறுத்த காலத்தில், பழைய உருவம் பிறழாமல், அது மீண்டும் வாசகருக்குக் கிடைத்தது. மீட்பு என்ற வகையில் பெரும்பணியே. ஆயின் பழுது பார்ப்பதும் வடுவை அழிப்பதும் ஒன்றென யார் முடிவு செய்தார்கள்?

2004 இல் அதே கட்டடத்தில் 'அகம் புறம்' என்னும் கண்காட்சி நடைபெற்றது. அதில் தா. சனாதனனும் சக கலைஞரும் யாழ்ப்பாண மக்களிடம் போர் மிச்சம் வைத்த சிறு பொருள்களைக் கேட்டுப் பெற்று ஒருங்கே அடுக்கினர். எரிந்த நூலகத்தினுள் மக்களே ஒரு புதிய ஆவணக் களஞ்சியத்தை நிறைத்தனர் எனலாம். அண்மைக்காலத்தில் அம்மண்டபம் கண்ட அர்த்தமுள்ள கலைச்செயல் அதுவே என்போம். கண்காட்சி முடிந்தது, பொருள்கள் அகன்றன, சுவர் மறுபடியும் வெறுஞ் சுவராயிற்று. குறை கலைஞருடையதன்று. மேசன் போனபின் விருந்தாளியாக வந்த கலை, விருந்தாளியாகவே விடைபெற்றது. அவ்வளவுதான்.

மெக்சிகோவில் நடந்ததை ஒப்பு நோக்குவோம். புரட்சிக்குப் பின் வந்த அரசு, பழைய கன்னியர் மடமொன்றைத் திருத்திக் கல்வி அமைச்சுக்குக் கந்தோராக்கிற்று. அதன் முற்றங்களைச் சூழ்ந்த சுவர்களில் 1923 முதல் 1928 வரை தியேகோ ரிவேரா சுரங்கத் தொழிலாளரையும் உழவரையும் தீட்டினார். அச் சுவரோவியம் ஈரச் சுண்ணச் சாந்து காயுமுன் தீட்டப்படுவது. அன்றன்று மேசன் பூசிய அளவே ஓவியன் தீட்ட முடியும். இருவரும் ஒரே சாரத்தில் நின்றாக வேண்டும். நிறம் சுவரின் மேல் ஒட்டிக்கொள்வதன்று, சுவராகவே இறுகிவிடுவது. மனுக் கொடுக்க வந்த உழவன் அங்கே தன் முகத்தைக் கண்டான். அமைச்சர்கள் மாறினர், ஓவியம் இருக்கிறது.

இதை எழுதத் தூண்டியது மயிலிட்டி. 1990 இல் மக்கள் வெளியேற, 2017 ஜூலையில்தான் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. 2019 இல் புனரமைப்பின் முதற் கட்டம் திறக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் சனாதிபதி மூன்றாங் கட்டத்தைத் தொடக்கி வைத்தார். அதே நாளில் பொது நூலகத்தின் மின்னூலகத் திட்டத்தையும் அவரே தொடக்கி வைத்தார்.

"காணியே முழுதும் திரும்பவில்லை, உங்களுக்குப் படமா வேண்டும்?" என்று கரையில் ஒரு முதியவர் எம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. காணியும் எரிபொருளும் ஐசும் முதலில் வரட்டும், மறுக்கமாட்டோம். ஆனால் சுவர் எழத்தான் போகிறது. அதற்குச் சாந்தும் வர்ணமும் கணக்கில் எழுதத்தான் போகிறார்கள். திறந்து வைத்தவரின் பெயர் பொறித்த கல்லுக்கு மட்டும் எப்போதும் இடமும் பணமும் கிடைத்துவிடுகிறது!

அதே முதியவர் பேச்சினிடையே ஈர்க்கொன்றை எடுத்து, தம் வீட்டின் வாசலும் கிணறும் வாடியும் இருந்த இடங்களை மணலிற் கீறிக் காட்டினார். சனாதனன் 2011 இல் வெளியிட்ட நூல், இவ்வாறு இடம்பெயர்ந்தோர் ஞாபகத்திலிருந்து வரைந்த வீட்டுப் படங்களின் தொகுதிதான். ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டின் பெயரால், முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படத் தலைப்பிட்டார். அத்தகைய கோடுகள் நூலுக்குள் இருந்தால் அதைக் கையிலெடுப்பவருக்கே பயன். துறைமுகக் கந்தோர்ச் சுவரில் இருந்தால், மீன் நிறுக்க வருபவனும் பத்திரம் கேட்க வருபவனும் பார்ப்பான். கோப்பிலிருந்து தலைநிமிரும் அலுவலரும் பார்த்தேயாக வேண்டும்.

கடற்றொழிலாளர் சங்கம் இதைக் கேட்கலாம். திருத்த வேலை கட்டங் கட்டமாக நடப்பதால் கேட்க இடமுண்டு. பள்ளிப் பிள்ளைகளும் முதியோரும் வரைந்ததைச் சுவருக்கு மாற்ற எமது பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயில்வோர் இருக்கின்றனர். மேசன்மாரும் ஊரவரே. திறப்பு விழா அழைப்பிதழ் அச்சாகுமுன் கேட்க வேண்டும்.