வெள்ளைக்குள் ஒரு மரம்

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், குஷ்ஷாரோ ஏரிக்கரையில் நின்ற ஒற்றை மரத்தை ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் மைக்கேல் கென்னா 2002 முதல் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். சதுரச் சட்டகம், கறுப்பு வெள்ளை பிலிம், இலையில்லாத கிளைகள்; மற்றதெல்லாம் பனி. மேகம் மூடிய நாளில் நிழல் விழாது. வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி அடிவானம் காணாமல் போகும். அப்போது ஒவ்வொரு கிளையும் தாளில் இழுத்த மைக்கோடாகத் துலங்கும்.

பார்க்க எளிது, எடுக்கக் கடினம். கேமராவின் ஒளிமானி எதையும் நடுச்சாம்பலாகவே கணக்கிடும். அதன் பேச்சைக் கேட்டால் பனி அழுக்கேறித் தெரியும். ஒன்றோ இரண்டோ ஸ்டாப் (ஒளியளவின் படி) கூடுதலாக ஒளி கொடுத்தால்தான் வெளுக்கும். மிஞ்சினால் பனிப்பரப்பின் மெல்லிய மேடுபள்ளங்கள் அழிந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைத்தேர்ச்சி.

கென்னாவின் அச்சுகள் சிறியவை, சுமார் 8 அங்குலச் சதுரம். கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும். அந்த மரம் 2009-இல் வெட்டப்பட்டுவிட்டது. புதுப்புது இடங்களுக்கு ஓடுவதைவிட ஒரே மரத்திடம் மறுபடி மறுபடி போவது அதிகம் தரும் என்பதற்கு இந்தப் படங்களே போதும்.