தராசு நேரானதா?

அமெரிக்க நடுவண் அரசின் சிறைகளையும் தண்டனை முறையையும் திருத்த 2018 டிசம்பரில் பிறந்தது ‘முதற்படிச் சட்டம்’. வாழ்த்துக என்கின்றனர். வாழ்த்துவோம், அதற்குமுன் எடைபோட்டுப் பார்ப்போம்.

1986ஆம் ஆண்டுச் சட்டம், கொக்கெயின் தூள் 500 கிராம் விற்றவனுக்கும், அதையே கட்டியாக்கிய ‘கிராக்’ 5 கிராம் விற்றவனுக்கும் ஒரே தண்டனை வகுத்தது: குறைந்தது 5 ஆண்டுச் சிறை! சரக்கு ஒன்று; தராசோ இரண்டு. கிராக் வழக்குகளில் சிறை புகுந்தோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தார். 2010இல் 100 மடங்கு வேற்றுமை 18 மடங்காயிற்று. அந்தச் சலுகையைப் பழைய கைதிகட்கும் நீட்டியது முதற்படிச் சட்டம். ஆயிரக்கணக்கானோரின் தண்டனை குறைந்தது. நன்று!

ஆனால், 4 கிராமுக்கும் குறைவான கிராக்குக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் அதே சலுகையைக் கேட்டபோது, 2021இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் மறுத்தது. காரணம்? சிற்றளவுக்குரிய பிரிவை 2010ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றவில்லையாம்! பேரளவினர்க்குச் சலுகை, சிற்றளவினர்க்கு இல்லை. இதுவோ திருத்தம்?

சட்டத்தின் எழுத்து வென்றது, நீதி நின்றுவிட்டது. 18 என்பது 1 ஆகும் நாளே தராசு நேராகும் நாள். முதற்படியை மாடியென்று நாம் மயங்கலாகாது.